ஏழாம் வாரப் படம்

மூன்று நாளாகத் தென்கிழக்குக் காற்று.
படகு வருமா வராதா என்று
யெல் தீவில் யாருக்கும் தெரியாத அக்டோபர்.
ஆஸ்லாவின் இடது காலில் ஆறாத புண்ணுக்கு
இது ஏழாவது வாரம்.

கட்டைப் பிரித்தேன்.
உப்புநீரால் கழுவி
காகித அளவுகோலைப் பக்கத்தில் ஒட்டி
அலுவலகக் கேமராவை எடுத்தேன்.
நீளம் நான்கு, அகலம் இரண்டரை,
ஓரம் சற்று வெளுப்பு, நடுவில் நல்ல சிவப்பு.
நல்ல சிவப்பென்றால் சதை வளர்கிறது.
தாதிகள் நாங்கள் கும்பிடும் நிறம் அது.

"வெளியே யாரோ வந்திருக்கிறார்கள்," என்றாள் ஆஸ்லா.
யாரோ என்றாள்,
ஏதோ என்று சொல்லவில்லை.

ஜன்னலுக்கு அப்பால்
ருபார்ப் இலைகள் பழுத்துச் சாய்ந்த பாத்தி,
அதற்கு வேலியாக
சால்மன் பண்ணை தூக்கியெறிந்த வலை.
வலைக்கும் இலைக்கும் நடுவே
சேற்று நிறத்தில் ஒரு குருவி
வாலை நிமிர்த்துவதும் தாழ்த்துவதுமாக.
இவ்வளவுதானா என்று திரும்பப் போனேன்.
அது தலையைத் தூக்கியது.

தொண்டையில் அந்தச் சிவப்பு.

குருதி இல்லை, எனக்குக் குருதி தெரியும்.
குன்றிமணியை அரைத்துத் தடவி
ஈரம் காயாமல் விட்டதுபோல்.
புருவத்தில் ஒரு வெள்ளைக் கோடு,
கன்னத்துக்குக் கீழே இன்னொன்று.

கையில் இருந்ததோ புண்ணுக்கான கேமரா.
வேறெதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்று
மார்ச் மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அழுத்தினேன்.
இரண்டாவது முறை அழுத்துவதற்குள்
ஆஸ்லாவின் இருமல்.
இலை, வலை, வெறும் பாத்தி.

"மேக்னியைக் கூப்பிடு."

பக்கத்து வீட்டு மேக்னி.
முப்பத்தொரு இலையுதிர்காலமாக
இந்தத் தீவின் ஓடைக்கரைகளில் வயிற்றால் ஊர்ந்தவன்.
சைபீரியாவிலிருந்து திசை தப்பிவரும்
ஒரு செந்தொண்டைக்காக
தன் கல்யாணத்தையே ஜூனுக்கு மாற்றியவன்.
அன்றைக்குப் பார்த்து லெர்விக்கில்
பல் பிடுங்கப் போயிருந்தான்.
கொடுத்து வைக்கவில்லை, வேறென்ன சொல்ல.

கடைசிப் படகில் வந்தான்,
பாதி முகம் மரத்து, கடைவாயில் பஞ்சோடு.
படத்தைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.
கேமராவைத் திருப்பித் தந்துவிட்டு
மறுபடி வாங்கிப் பார்த்தான்.
"எஹ்ஹடி நின்னது?"
சீருடையோடு சமையலறை நடுவில் குனிந்து
கையைப் பின்னால் வைத்து
வாலாக நிமிர்த்திக் காட்டினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பாடியதா என்றான்.
ஜன்னல் சாத்தியிருந்தது,
வானொலியில் மீனவர்களுக்கான வானிலை ஓடியது, என்றேன்.
ஆஸ்லா எழுந்து வானொலியை அணைத்தாள்,
அப்போதாவது கேட்குமென்பதுபோல்.

டார்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.
தூங்கட்டும்.
கல்சுவருக்குப் பின்னால் இருட்டில்
தானும் ஒரு கல்லாக உட்கார்ந்தான்.
நள்ளிரவுக்கு மேல் காற்று விழுந்தது.
துடைத்துவிட்டதுபோல் வானம், அத்தனை நட்சத்திரம்.
"கிளம்புகிற வானம்,"
என்றானாம், யாரையோ திட்டுவதுபோல்.

விடிந்ததும் முதல் படகில்
முக்காலிகளைத் தோளில் சுமந்து பதினொரு பேர்.
ஒரு ருபார்ப் பாத்தியை மௌனமாகப் பார்த்தார்கள்.
கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி
திரையை விலக்கி
ஆஸ்லா அவர்களைப் பார்த்தாள்.
மதியம்வரை பொழுது போனது.

மேக்னி அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை.
பார்க்காததை எழுத மாட்டானாம்.
எடை மட்டும் சொன்னான்:
உன் கேமராவுக்குள் இருக்கிறதே,
அந்த பேட்டரி ஒன்றின் அளவு.

நான் எடுக்கும் படங்கள் ராத்திரியில் தாமாகவே
மருத்துவமனைக் கோப்புக்குப் போய்விடும்.
அது எனக்கு நினைவில் இல்லை.
வியாழக்கிழமை டாக்டரின் குறிப்பு வந்தது:

ஏழாம் வாரம், இரண்டாம் படம்.
நிறம் மிக நன்று.
அளவுகோல் இல்லை, அடுத்த முறை வைக்கவும்.

வைக்கிறேன் என்று பதில் எழுதினேன்.